வடிகால் வழியாக வந்த பிள்ளை

பிளம்பர் வீட்டின் இரண்டாவது பிள்ளை ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரை மணிக்குக் குளியலறை வடிகால் வழியாக வந்து சேர்ந்தான். மூத்தவனுக்கு அப்போது ஏழு வயதும் இரண்டு மாதமும் ஆகியிருந்தன. முதலில் தலை வந்தது. பிறகு ஒரு தோள். அதன் பிறகு கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை, வடிகாலின் வாய் நான்கு அங்குலம்தான் என்பதால். கடைசியில், சேற்றில் மாட்டிய செருப்பைப் பிடுங்கும்போது கேட்கிற சத்தத்தோடு மிச்சமும் வெளியேறி, ஈரத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தது. சாம்பல் நிறம். உயரம் மூத்தவன் உயரமேதான். தலையில் சோப்பு நுரையோடு சிக்குப் பிடித்த முடி, புருவம் இருக்க வேண்டிய இடத்தில் வெட்டிப்போட்ட நகத்துண்டுகள், முழங்காலில் புண்களிலிருந்து உதிர்ந்த பொருக்கு, இடது தோளில் பாதி கிழிந்த பிளாஸ்திரி. பிளம்பர் கையில் பிரஷ்ஷோடு நின்றார். மூத்தவன் தலை நிறைய நுரையோடு நின்றான். அப்படி ஒரு நாற்றத்தைத் தெரு அதற்கு முன்பு கண்டதில்லை என்று எதிர்வீட்டுத் தையல்காரர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நாற்றம் பிளம்பருக்குப் புதிதல்ல. இருபது வருடமாக ஊரார் வீட்டு அடைப்புகளில் முழங்கை வரை கைவிட்டுத் துழாவி, முடிக்கற்றையையும் கொழுப்புக் கட்டியையும் இழுத்துப் போட்டு, கையைக் கழுவிக்கொண்டு அதே வீட்டுப் படியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிற மனிதர். அவர் முகம் சுளித்துப் பார்த்தவர் யாரும் இல்லை. ஆனால் பெற்ற பிள்ளைக்கு மூக்கு ஒழுகினால் அவருக்குக் குடலைப் புரட்டும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக்கூடிய விஷயமா அது. பையனை எல்லோரும் வாலு என்றார்கள், சொந்தப் பெயர் பள்ளிக்கூடப் பதிவேட்டோடு சரி. வாலு ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக நக்கி எது அதிக உப்பு என்று வீட்டுக்கு அறிவிப்பான். மூக்கைத் தோண்டி எடுத்ததை மேஜையின் அடிப்பக்கம் ஒட்டிவைப்பான். பிளம்பர் நாற்காலியை இழுத்துப் போட்டு மேஜை விளிம்பைப் பிடிக்கும்போது விரலில் தட்டுப்படும், சிலது காய்ந்தது, சிலது காயாதது. செத்த பல்லியைப் பென்சில் டப்பாவில் வைத்து, எழுந்துவிடும் என்று மூன்று நாள் தண்ணீர் தெளித்துக் காத்திருந்தான். ஆடுகிற பல்லை நாக்கால் நெம்பிக் காட்டி, ரத்தம் வழியச் சிரிப்பான். முட்டையின் மஞ்சள் ஒட்டிய வாயோடு ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்வான். அப்போதெல்லாம் பிளம்பர் இரண்டு விரலால் அவன் கைகளைக் கழற்றி, பட்டும் படாமலும் தள்ளி நிறுத்தி, "போய்க் கழுவிட்டு வாடா" என்பார். அந்த வீட்டில் அதிகம் பேசப்பட்ட வாக்கியம் அதுதான்.

அம்மாவுக்கு ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை, மாலை நான்கு முதல் ஒன்பது வரை. ஆகவே பையனைக் குளிப்பாட்டுவது கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே அப்பாவின் பொறுப்பாயிற்று. பிளம்பர் அதைக் குழாய் சுத்தம் செய்வதுபோலச் செய்தார். காதுமடல், கழுத்து மடிப்பு, விரலிடுக்கு, தொப்புள், ஒன்றையும் விடமாட்டார். ஆரம்பத்தில் மெல்லிய துணி, பிறகு நைலான் நார், நாலு வயதிலிருந்து பிரஷ். பையன் கத்துவான். கத்துவது தெருவுக்குக் கேட்கக் கூடாதென்று குழாயை முழுவதும் திறந்துவிடுவார். "அப்பா, கண்ணு எரியுது!" என்பான். "இன்னும் கொஞ்சம்தான்" என்பார். "போதும்ப்பா!" என்பான். "ஆச்சு, ஆச்சு" என்பார், ஆகியிருக்காது. குளித்து முடித்த பையன் உரித்த வெங்காயம்போல வெளியே வருவான். அந்த அரைமணி நேரம் மட்டும் பிளம்பரால் அவனை முத்தமிட முடிந்தது.

தண்ணீர் எங்கே போயிற்று என்பதுதான் வெட்கக்கேடு. வீடு கட்டியபோது குளியலறைக் குழாயைத் தன் கையாலேயே பதித்தார். வடிகால் குழாய்க்கு வாட்டம் முக்கியம், தெருப் பக்கம் இறக்கமாக இருந்தால்தான் தண்ணீர் ஓடும். அன்றைக்கென்று எதிர்வீட்டுத் தையல்காரர் தைத்துக் கொடுத்த சட்டையின் கை ஒரு அங்குலம் குட்டையாக இருந்தது. குட்டையில்லை, உன் கைதான் நீளம் என்று அவர் வாசலில் நின்று சாதித்தார். பிளம்பர் கையை நீட்டிக் காட்டி வாதாடிக்கொண்டே, சரிவு பார்க்கிற ரசமட்டத்தைத் திருப்பி வைத்துப் பார்த்துவிட்டார். தரை ஓடு பதித்து முதல் வாளி ஊற்றியபோது தண்ணீர் தெருவுக்குப் போகாமல் வீட்டுக்கே திரும்பி வந்தது. ஊருக்கெல்லாம் வாட்டம் பார்க்கிறவன் வீட்டில் தண்ணீர் ஓடவில்லை என்று தெரிந்தால் யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? யாருக்கும் தெரியாமல் தரைக்கடியில் ஒரு குழி தோண்டி, தண்ணீரை அதற்குள் விழவைத்தார். அடுத்த மாதம் சரிசெய்துவிடலாம் என்பது எண்ணம். ஏழு வருடம் ஓடிவிட்டது. தண்ணீர் மண்ணில் ஊறிப் போனது, தண்ணீரோடு வந்ததெல்லாம் குழியில் தங்கியது.

தங்கியது அழுக்கு மட்டுமல்ல என்பது அந்தச் செவ்வாய்க்கிழமை தெரிந்தது. தரையில் உட்கார்ந்த அது, வாய் இருக்க வேண்டிய இடத்தைத் திறந்து, "அப்பா, கண்ணு எரியுது" என்றது. வாலுவின் நாலு வயதுக் குரல். பிறகு "போதும்ப்பா" என்றது, ஐந்து வயதுக் குரலில். அடுத்து, பேச்சு வராத பருவத்தின் வீறல் ஒன்று, ஒரு நிமிஷம் நிற்காமல். பிளம்பருக்கு இரக்கம் வரவில்லை. வாந்திதான் வந்தது. மூலையில் எடுத்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, காலால் அதன் தலையை அழுத்தி வடிகாலுக்குள் திணித்து, மூடியைப் போட்டு, மேலே நிறைந்த வாளியை வைத்தார். மறுநாள் ஐந்தரை மணிக்கு வாளி நகர்ந்தது. பிளீச்சிங் பவுடர் போட்டார். ஆசிட் ஊற்றினார். அடைப்பெடுக்கும் ஸ்பிரிங் கம்பியை விட்டுச் சுழற்றினார், கம்பியின் முனையில் ஒரு காது வந்தது. ஓடுகிற நல்ல தண்ணீருக்கு மட்டும் அது கரைந்தது. ஒரு குவளை ஊற்றினால் ஒரு கை முழங்கை வரை போய்விடும், அலறும். ஆனால் கரைந்தது அதே குழிக்குத்தானே போகிறது, அடுத்த நாள் குளியலில் கை முளைத்துவிடும். பையனைக் குளிப்பாட்டாமல் விட்டால் வளராது என்ற யோசனையும் அவருக்கு வந்தது. அன்று மாலை வாலுவின் காதுக்குள் எட்டிப் பார்த்தார். பிரஷ்ஷை எடுக்கப் போய்விட்டார்.

வாலுவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அது வீட்டுக்குள் நுழைந்த அன்றே தம்பி என்று கூப்பிட்டு, கடித்த பிஸ்கட்டில் பாதியைக் கொடுத்தான். இருவரும் கட்டிலுக்கடியில் ஒளிந்து விளையாடினார்கள், படுக்கை விரிப்பெல்லாம் சாம்பல் கைரேகை. அம்மா வேலையிலிருந்து வந்து, கைப்பையை மாட்டிவிட்டு, அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "மூக்கு உங்க மூக்குங்க" என்றாள். பழைய சட்டையொன்றை எடுத்துப் போட்டுவிட்டாள், உட்காரச் செய்தித்தாள் விரித்தாள், ஒரு தட்டு கூட வைத்தாள். பிளம்பருக்குப் பொறுக்கவில்லை. "அது அழுக்குடி!" என்றார். "அழுக்குதான். யாரோட அழுக்கு?" என்று கேட்டுவிட்டு அவள் சாப்பிட உட்கார்ந்தாள். அன்றிலிருந்து பிளம்பர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார். முதுகுக்குப் பின்னால் அது சப்புக்கொட்டுவது கேட்கும், பாதித் தட்டோடு எழுந்துவிடுவார்.

இரண்டு மாதம் பொறுத்தார். பிறகு, வாட்டத்தைச் சரிசெய்வது என்று முடிவெடுத்தார். தரையை உடைத்து, குழியைத் திறந்து, குழாயைத் தெரு வடிகாலோடு இணைத்துவிட்டால், ஒரு வாளித் தண்ணீரில் கரைந்து தெருவோடு போய்விடும். திரும்பி வர வழியில்லை. இருபது வருட அனுபவத்தையும் நான்கு நாளில் கொட்டினார், தையல்காரரைப் பக்கத்திலேயே விடவில்லை. வாலு உடைந்த ஓடுகளின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். வழக்கமாக ஆயிரம் கேள்வி கேட்கிறவன் இரண்டே கேட்டான். "தம்பி எங்கப்பா போவான்?" என்றான். "தெருவுக்கு. அப்புறம் எங்கயோ" என்றார். பையன் கொஞ்ச நேரம் ஓட்டுச்சில்லைச் சுரண்டினான். "அவன் நான் அழுததைத்தானே சொல்றான்?" என்றான். பிளம்பர் குழாய்க்குப் பசை தடவுவதில் மும்முரமாக இருந்தார், அல்லது அப்படிக் காட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு வேலை முடிந்தது. குழியை மட்டும் மூடவில்லை. வாளியில் தண்ணீர் நிறைத்து, குவளையைக் கையில் எடுத்துக்கொண்டு, "வா இங்க" என்று கூப்பிட்டார். இரண்டு பேர் வந்தார்கள். இரண்டும் சாம்பல் நிறம், இரண்டும் ஒரே உயரம், இரண்டுக்கும் புருவத்தில் நகத்துண்டுகள், இடது தோளில் பிளாஸ்திரி. அவர் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் வாலு குழிக்குள் இறங்கி, ஏழு வருடச் சகதியை உச்சி முதல் உள்ளங்கால் வரை அப்பிக்கொண்டு வந்திருந்தான். வாய்க்குள்ளும் கொஞ்சம் போட்டுக்கொண்டிருந்தான் போலும், இருவர் பல்லும் ஒரே கறுப்பு. "டேய், விளையாடாத. யாருடா வாலு?" என்றார். "நான்தான்" என்றன இரண்டு குரல்கள். விரல்களைப் பார்த்தார், காதுகளைப் பார்த்தார், பல் விழுந்த ஓட்டையைப் பார்த்தார். பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியவில்லை. கோபத்தில் குவளையை ஓங்கினார். உடனே இரண்டு பேரும் ஒரே மாதிரி வலது கையைத் தூக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டார்கள். ஒரே மாதிரி தோளைக் குறுக்கினார்கள். "அப்பா, கண்ணு எரியுது" என்றார்கள், தண்ணீர் விழுவதற்கு முன்பே.

அந்தக் கை தினமும் மாலை அப்படித்தான் உயர்ந்திருக்கிறது. பிளம்பரின் கவனம் நுரைமேல் இருந்ததால் அவர் பார்த்ததில்லை. ஒரு குவளை போதும், ஊற்றினால் எது பிள்ளை, எது அழுக்கு என்று தெரிந்துவிடும். கரைகிறவன் அதே குரலில்தான் அலறுவான் என்பதும் அவருக்குத் தெரியும். பிறகு குவளையைக் கீழே வைத்துவிட்டு, அந்த ஈரத்தில் மண்டியிட்டு, வெறும் கட்டைவிரலால் ஒருவனின் கண்ணைத் துடைத்தார், அடுத்து மற்றவனின் கண்ணை. கொழகொழவென்று விரலோடு வந்தது. ஒரு முடி நகக்கண்ணில் சுற்றிக்கொண்டது. ஊரார் அடைப்பில் இருபது வருடம் புரளாத குடல் புரண்டு, வாளி நிறைய இருந்த நல்ல தண்ணீரில் வாந்தி எடுத்தார். அத்தோடு தண்ணீர் ஊற்றுகிற பேச்சு முடிந்தது. பையன்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அம்மா ஒன்பதரைக்கு வந்து ஒரு பார்வை பார்த்தாள். "பெத்தவளுக்குத் தெரியாதா" என்று மட்டும் சொன்னாள். எது எவன் என்று அவள் சொல்லவில்லை, அவர் கேட்கவும் இல்லை. அடுத்த நான்கு மாதம் அந்த வீட்டில் பிள்ளைகள் யாரும் குளிக்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று கடிதம் வந்தது. வகுப்பு டீச்சர் இருவரையும் ஜன்னலோரம் உட்காரவைத்து, வருகைப் பதிவில் இரண்டாவது பெயரையும் எழுதிக்கொண்டார். வீட்டில் ஈ மொய்த்தது. பிளம்பர் தினமும் காலையில் குமட்டிக்கொண்டேதான் எழுந்தார், குமட்டிக்கொண்டேதான் இருவர் சட்டைக்கும் பொத்தான் போட்டுவிட்டார்.

அப்புறம் ஒருநாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. அவர் வாசலுக்கு ஓடிவருவதற்குள் இருவரும் தெருவில் இறங்கிவிட்டார்கள். ஓடுகிற நல்ல தண்ணீர், அதுவும் வானத்திலிருந்து. "உள்ள வாங்கடா! ரெண்டு பேரும் உள்ள வாங்கடா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். யார் கேட்டார்கள். தையல்காரர் குடையோடு வெளியே வந்து நின்றார். சாம்பல் நிறம் இருவர் மேலிருந்தும் கோடு கோடாக வழிந்து தெருவோடு ஓடியது. எந்தக் கை முதலில் கரையும் என்று பிளம்பர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முக்கால்மணி நேரம் பெய்து ஓய்ந்தபோது, தெருவில் இரண்டு பையன்கள் நின்றார்கள். பிளம்பர் பிடித்து இழுத்து விரல்களை எண்ணினார், கைகால் சேர்த்து ஆளுக்கு இருபது, ஒன்றும் குறையவில்லை. ஒருவரும் கரையவில்லையே என்று தெருவில் யாரும் வியந்ததாகவும் தெரியவில்லை. இனி சட்டைத் துணியெல்லாம் இரண்டிரண்டாக வெட்ட வேண்டும் என்று தையல்காரர் சொன்னார். அதோடு விஷயம் முடிந்தது.

இப்போது இருவருக்கும் பத்து வயது. வெதுவெதுப்பான தண்ணீரில், வெறும் கையால் குளிப்பாட்டுகிறார். முதல் "போதும்" வந்ததும் நிறுத்திவிடுகிறார், அதனால் நான்கு காதுகளும் எப்போதும் அழுக்குதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்க, ஆளுக்கொரு தோளில் தலைவைத்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்குவார்கள். இரண்டு பக்கமும் எச்சில் ஒழுகிச் சட்டைக்குள் இறங்கும், மார்பில் வந்து ஒன்றுசேரும். இன்றைக்கும் அவருக்கு அது அருவருப்புதான், மாறவே இல்லை. அவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். பிடித்த மூச்சு தீர்ந்ததும், அவர்கள் எழுந்துவிடாதபடி மெதுவாக ஒருதரம் இழுத்து, மறுபடியும் பிடித்துக்கொள்வார்.