டேப் நிற்கும் இடம்

டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்ததும் முதலில் செய்ய வேண்டியது, நமக்கு முன் உட்கார்ந்தவர் வைத்துவிட்டுப் போன டேப் நிறுத்தங்களை அழிப்பது. தூத்துக்குடியில் ஸ்டெல்லா படித்த இன்ஸ்டிட்யூட்டில் ஒரே மெஷினில் நாள் முழுக்க ஆள் மாற்றி ஆள் உட்காருவார்கள். அழிக்காமல் ஆரம்பித்தால், டேப் கட்டையைத் தட்டியதும் தாள் சுற்றிய கேரேஜ் பாய்ந்து வேறு யாரோ ஒருத்தியின் அட்டவணைக்குப் போய் நிற்கும். அதனால் தாளைச் செருகும் முன்பே விரல் தானாக அந்த வேலையைச் செய்துவிடும்.

கல்யாணமாகி பூனாவை ஒட்டிய கசார்வாடிக்கு வந்தபின் அந்த விரல்களுக்கு வேலை இல்லை. ஹையர் முதல் வகுப்புச் சான்றிதழ் டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் கிடந்தது. இப்போது, கணவன் இருதயராஜ் லேத் ஓட்டும் பட்டறையை இந்த மாதத்தோடு மூடப்போகிறார்கள். ஊருக்குப் போய் தன் அண்ணன் வீட்டில் இருக்கலாம் என்று அவன் முடிவு செய்துவிட்டான். அந்த வீட்டை ஸ்டெல்லாவுக்குத் தெரியும். அங்கே எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் காலையிலிருந்து இரவுவரை யாராவது ஒருவர் அவளுக்கு வேலை சொல்லிக்கொண்டே இருப்பார்கள். எந்த அறையிலும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார முடியாது. சிஞ்ச்வட்டில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை காலி என்று தெரிந்ததும் அவள் எழுதிப் போட்டாள். கிடைத்தால் பூனாவில் இருப்பது, கிடைக்காவிட்டால் ரயிலேறுவது என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

தேர்வுக்குக் கூப்பிட்டவர்களில் வந்தது இரண்டே பேர். இன்னொருவன் அந்த அலுவலகத்திலேயே தற்காலிகமாக வேலை பார்க்கும் ஜெயந்த். பூனாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, நீங்க பேசற தமிழ் ரேடியோ மாதிரி இருக்கு. நான் பேசினா எங்கம்மாவே சிரிப்பா."

"நீங்க இங்க எவ்வளவு நாளா இருக்கீங்க, தம்பி?"

"ரெண்டு வருஷம். லெட்டர், நோட்டீஸ், சாய் சொல்றது, எல்லாம் நான்தான். ஆனா பெர்மனன்ட்டுக்கு பரீட்சை எழுதணுமாம். ஸ்பீட் கம்மி எனக்கு. ரெண்டே விரல்." இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நீட்டிக் காட்டினான். "இதுலயே கிச்சடி பண்ணிண்டிருக்கேன்."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு, சிரித்திருக்க வேண்டாமோ என்று நினைத்தாள்.

தலைமை எழுத்தர் ஜம்புநாதன் முதலில் அவளைத்தான் அழைத்தார். கண்ணாடித் தடுப்புக்குள் ஒரே ஒரு கம்ப்யூட்டர். ஒரு தாளைக் கொடுத்தார். ஆய்வுக்கூடச் சாமான்கள் கேட்டு எழுதிய கடிதம்: வலது ஓரத்தில் தேதி, நடுவில் இரண்டு பத்தி, கீழே சாமான், எண்ணிக்கை, குறிப்பு என்று மூன்று வரிசை.

"லெட்டர்னு ஒரு வெத்து ஃபைல் முன்னாடியே இருக்கும்மா. அதத் திறந்து அடிங்க. முடிச்சுட்டு உங்க பேர்ல தனியா சேவ் பண்ணிடுங்க. நேரம் இப்பலேர்ந்து."

திறந்தாள். தேதிக்கு முன் டேப்பைத் தட்டினாள். கர்சர் ஒரே தாவலில் தாளின் வலது கோடிக்கு ஓடியது. அதை அழித்துவிட்டுப் பத்திக்கு வந்தாள். பழக்கப்படி ஐந்து இடைவெளி விட்டால், ஏற்கெனவே உள்ளே தள்ளி நின்ற வரி இன்னும் உள்ளே போனது. டைப்ரைட்டரில்போல வரி முடிவில் மணியடிக்கும் என்று காது காத்திருந்தது. மணி இல்லாததால் கண்ணளவில் என்டர் தட்டினாள். அடுத்த வரியும் உள்ளே தள்ளியே தொடங்கியது. அதற்கடுத்ததும் அப்படியே. வரி ஒவ்வொன்றும் தானே புதுப் பத்தி என்பதுபோல, வீட்டுக்குள் வரத் தயங்கும் விருந்தாளியாகக் கொஞ்சம் தள்ளித் தள்ளி நின்றது.

யாரோ வைத்துவிட்டுப் போன நிறுத்தங்கள், என்று அவளுக்குப் பட்டது. கம்ப்யூட்டரில் அது எங்கே இருக்கும்? பிம்ப்ரியில் ஒரு மாதம் படித்த வகுப்பில் மெனுக்களைக் காட்டியிருந்தார்கள். அடித்ததையெல்லாம் அழித்துவிட்டு, ஃபார்மட்டில் தேடினாள். பத்தி என்ற இடத்தில் முதல் வரி உள்தள்ளலை எடுத்தாள். டேப்ஸ் என்ற இடத்தில் நிறுத்தங்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றையும் அழி என்ற பொத்தானை அமுக்கினாள். எதைச் செய்தாலும் உடனே சேவ் பண்ணுங்கள் என்று அந்த வகுப்பு மாஸ்டர் ஓயாமல் சொல்வார். சேவ் பண்ணினாள். தாள் இப்போது வெறுமையாக, பழக்கப்பட்டதாக இருந்தது.

அதன்பிறகு விரல்கள் ஓடின. தேதிக்கும் மூன்று வரிசைக்கும் இடைவெளிக் கட்டையையே தட்டித் தட்டி நகர்த்தினாள். நேரம் மிச்சம் இருக்கும்போதே தன் பெயரில் தனியாகச் சேவ் பண்ணி எழுந்தாள். ஜம்புநாதன் தாளைப் பிரின்ட் எடுத்து, பார்க்காமலே ஓரத்தில் கையெழுத்துப் போட்டு மடித்துவைத்தார்.

"நல்ல வேகம்மா. வெளியில இருங்க."

பெஞ்சிலிருந்து கண்ணாடி வழியாக ஜெயந்த்தின் முதுகு தெரிந்தது. அவள் மனசுக்குள் கசார்வாடி அறைக்குப் புதுத் திரை வாங்கிக்கொண்டிருந்தாள். காலையில் ரயிலில் வருவது, இந்த ஜன்னல் பக்கம் மேசை, மத்தியானம் டிபன் டப்பாவைத் திறப்பது எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

ஜெயந்த் அடிப்பதை நிறுத்திவிட்டிருந்தான். ஒரு கட்டையைத் தட்டினான். திரையை உற்றுப் பார்த்தான். மறுபடி தட்டினான். அழித்தான். ஃபைலை மூடித் திறந்தான். மறுபடி அதே. கழுத்தின் பின்புறம் வியர்வையில் சட்டைக் காலர் கறுத்தது. இரண்டு வருஷம் உட்கார்ந்த இடத்தில், முன்பின் வராதவனைப்போல அவன் கீபோர்டின் மேல் கைகளை வைத்தபடி இருந்தான்.

ஸ்டெல்லாவுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. அது யாரோ மறந்துவிட்டுப் போனதல்ல. அந்த அலுவலகக் கடிதத்துக்கென்று ஜெயந்த் பழகியிருந்த இடங்கள். ஒரு டேப் தட்டினால் தேதிக்கு, என்டர் தட்டினால் பத்திக்கு. அவள் தன் பெயரில் சேவ் பண்ணியது பிறகு; அதற்கு முன்பு பண்ணியது அந்த வெற்று ஃபைலிலேயே. அழித்தது அங்கே அழிந்தபடி இருக்கிறது.

எழுந்தாள். உட்கார்ந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் போதும். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். தூத்துக்குடி வீட்டின் பின்கட்டு, துணி துவைக்கிற கல், அண்ணன் மனைவியான மைனி கூப்பிடுகிற குரல் எல்லாம் கண்ணுக்கு வந்தன. ஜெயந்த் காலரைத் துடைத்துக்கொண்டான்.

அவள் கதவைத் தள்ளினாள்.

"சார், ஒரு நிமிசம். அந்த வெத்து ஃபைல்ல டேப் எல்லாம் நான்தான் அழிச்சிட்டேன். தெரியாம அதுலயே சேவ் பண்ணிட்டேன்."

ஜம்புநாதன் கண்ணாடியைக் கழற்றினார். ஜெயந்த் திரும்பிப் பார்த்தான். முகத்தில் கோபம் இல்லை, ஒரு பெரிய நிம்மதி.

"அரே, நீங்களா அக்கா? நான்தான் ஏதோ கெடுத்துட்டேன்னு நெனச்சேன்."

"திருப்பி வெச்சுக்கயேன்டா," என்றார் ஜம்புநாதன்.

"எனக்கு வைக்கத் தெரியாது சார். சர்வீஸுக்கு வந்த இன்ஜினியர் வெச்சுக் குடுத்தது. எங்க நிக்கணும்னு தெரியும், எப்படி நிக்கவெக்கணும்னு தெரியாது."

ஜம்புநாதன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப அழிச்சவங்களே வெச்சுக் குடுங்கம்மா. இவனுக்கு நேரம் மறுபடி முதல்லேர்ந்து."

அவள் அழித்த இடத்துக்கே போனாள். ஜெயந்த் தேதி எங்கே வர வேண்டும் என்று விரலால் காட்ட, அவள் மேலே இருந்த அளவுகோலில் அந்த இடத்தில் அமுக்கினாள். ஒரு சின்னக் குறி விழுந்தது. சாமானுக்கு ஒன்று, எண்ணிக்கைக்கு ஒன்று, குறிப்புக்கு ஒன்று. அளவுகோலின் மேல் முக்கோணத்தை மட்டும் கொஞ்சம் நகர்த்தியதும் பத்தியின் முதல் வரி உள்ளே போனது. டேப்பைத் தட்டிப் பார்த்தாள். மூன்று வரிசையும் நூல் பிடித்ததுபோல நின்றன. டைப்ரைட்டரில் நிறுத்தம் வைப்பதும் இதுவும் ஒன்றுதான். அப்போதுதான் தன்னுடைய தாள் ஞாபகம் வந்தது. டைப்ரைட்டரில் எல்லா எழுத்தும் ஒரே அகலம். இடைவெளியைத் தட்டியே வரிசை கட்டலாம். இதில் ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வோர் அகலம்.

"சார், என் பேப்பர்ல வரிசை மட்டும் ஒருக்கா சரிபண்ணிக்கிடட்டுமா?"

"பிரின்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டாச்சேம்மா." அவர் மடித்த தாளைப் பிரித்தார். சாமான்கள் நேராக இருந்தன. எண்ணிக்கையும் குறிப்பும் மழைத்தண்ணீர்போல வளைந்து வளைந்து இறங்கின.

ஜெயந்த் இரண்டு விரலால் அடித்து முடித்தபோது கொடுத்த நேரம் சரியாகத் தீர்ந்திருந்தது. ஜம்புநாதன் இரண்டு தாள்களையும் பக்கம் பக்கமாக வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"உங்க வேகம் இவனுக்கு வராது. எழுத்துப் பிழைகூட உங்க தாள்ல இல்ல. ஆனா இது பிரின்சிபால் கையெழுத்தோட வெளியில போற கடுதாசி. இவன்து அப்படியே அனுப்பலாம்." நிறுத்தினார். "நீங்க உள்ள வந்து சொல்லாம இருந்திருந்தா..." ஜெயந்த்தின் தாளை எடுத்துத் தனியாக வைத்தார்.

ஜெயந்த் வாசல்வரை வந்தான். "ஆட்டோ பிடிச்சுத் தரட்டுமா அக்கா?" என்று மட்டும் கேட்டான்.

"ஸ்டேஷன் பக்கம்தான தம்பி. நடந்துருதேன்."

கசார்வாடி ஸ்டேஷனில் இருதயராஜ் கிரீஸ் கறை படிந்த சட்டையோடு நின்றிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே வடாபாவ் பொட்டலத்தை நீட்டினான்.

"கெடைக்கலியா?"

"அந்தப் பையனுக்குத்தான்."

பெஞ்சில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே சாப்பிட்டான். சொல்லி முடித்தபோது மெல்லுவதை நிறுத்தியிருந்தான்.

"ஏட்டி, நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா?"

"எனக்குத்தான்."

"பெரிய மகராசி." பொட்டலத் தாளைக் கசக்கினான். "எதுக்குப் போயிச் சொன்ன?"

"நீங்க ஓட்டுத லேத்துல எவனோ ஒருத்தன் அளவ மாத்தி வச்சிட்டு, நீங்க வேலையக் கெடுத்தா சும்மா இருப்பியளா?"

லோனாவாலா போகும் வண்டி வந்து, கூட்டத்தை இறக்கிவிட்டுப் போனது. பிளாட்பாரம் மறுபடி அமைதியானபோது அவன் கேட்டான்:

"வரிசையா நிக்கணும்னா என்ன செய்யணும் அதுல?"

அவள் பெஞ்சின் மரத்தில் விரலால் ஒரு கோடு இழுத்தாள். இங்கே அமுக்கினால் தேதி, இங்கே எண்ணிக்கை, முக்கோணத்தை நகர்த்தினால் பத்தி என்று காட்டினாள். அவன் குனிந்து, லேத்தில் அளவு பார்க்கிற கண்ணோடு பார்த்தான்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். இன்னைக்குத்தான் தெரிஞ்சிது."

"அந்தப் பையன் இத வைக்கத் தெரியாமயா ரெண்டு வருசம் ஓட்டுனான்?"

"எங்க நிக்கணும்னு அவனுக்குத் தெரியும்லா."

இருதயராஜ் எழுந்து வேட்டியை உதறுகிறவன்போல பேன்ட்டைத் தட்டிவிட்டான். "விமான் நகர்ல ஒரு ஆபீஸ்ல டைப் அடிக்க ஆள் எடுக்காங்கன்னு எங்க போர்மேன் சொன்னாரு. தூரம்தான்."

"ரெண்டு பஸ் மாறணும்."

"மாறிக்கோ. ஊருக்கு டிக்கெட்டு ஞாயித்துக்கெழம எடுக்கலாம்னு இருந்தேன். இந்த வாரம் வேண்டாம்."

அவள் மிச்சமிருந்த வடாபாவைப் பிட்டு அவனிடம் கொடுத்தாள். இருவரும் ஸ்டேஷன் மேம்பாலப் படியேறினார்கள்.