நெற்றிச் சுட்டியும் நாலு கோடு டவரும்

ராஜதுரை சிம்மை மாற்றச் சம்மதித்துவிட்டான் என்பதைக் கோகிலவாணியால் நம்பவே முடியவில்லை. வெள்ளிமலைக்கு மேற்கே இருக்கும் அவர்கள் ஊருக்கு எதிர்மேட்டில் வேறொரு கம்பெனியின் டவர் வந்து ஆறு மாதம் ஆகிறது. ஊரில் முக்கால்வாசிப் பேர் அதற்கு மாறிவிட்டார்கள். மகளிர் குழுவின் பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில் நடக்க, கோகிலவாணி மட்டும் கூட்டம் எந்தக் கிழமை என்று அடுத்த வீட்டுக்குப் போய்க் கேட்டு வருவாள். மாற்றிவிடலாம் என்று அவள் வாயெடுத்தாலே ராஜதுரை தன் பட்டன் போனுக்கு வக்கீலாகிவிடுவான். பலாமரத்தடியில் நின்று தலையை வடக்கே சாய்த்தால் பாதிப் பேச்சு கேட்கிறதே, மனிதன் மீதிப் பாதியையும் கேட்டு என்ன ஆகப்போகிறது என்பான்.

அப்படிப்பட்டவன் ஆனி பிறந்த மறுநாள், யாரும் கேட்காமலே, கள்ளக்குறிச்சிக்குப் போய்க் கம்பெனியை மாற்றிவிடலாமா என்றான். கோகிலவாணி அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

காய்ச்சல் இல்லை, கிடாதான் காரணம். அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ராஜதுரைக்கு ஒரே அக்கா, ராஜாம்பாள். சேராப்பட்டுப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். அம்மா செத்தபோது அவனுக்கு நான்கு வயது, அவளுக்குப் பதினொன்று. அதற்குப் பிறகு அவன் அக்காவின் இடுப்பை விட்டு எப்போது இறங்கினான் என்பது அவனுக்கே ஞாபகமில்லை. போன வருஷம் அவள் மகன் தமிழழகன் மலைப்பாதை வளைவில் பைக்கோடு விழுந்து காலை உடைத்துக்கொண்டபோது, பிள்ளை எழுந்து நடந்தால் கிடா வெட்டுவதாகப் பிறந்த ஊர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். பிள்ளை நடந்தான். நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள கறுப்புக் குட்டி ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கி, ஆடித் திருவிழா வரைக்கும் சாமி ஊரிலேயே வளரட்டும் என்று தம்பி வீட்டில் விட்டுப் போனாள்.

குட்டி கிடாவானது. பங்குனியில் ஒரு மத்தியானம், ராஜதுரை அதை மரவள்ளிக் கொல்லை ஓரமாக ஒரு குச்சியில் கட்டிவிட்டு, ஐந்து நிமிஷம் கண்ணை மூடலாம் என்று பலாமரத்தடியில் சாய்ந்தான். அந்த ஐந்து நிமிஷம் ஒன்றரை மணி நேரம் ஓடியது. கிடா குச்சியைப் பிடுங்கிக்கொண்டு கொல்லைக்குள் போய் மரவள்ளித் தழையை வயிறு முட்டத் தின்றுவிட்டது. அவன் எழுந்து பார்த்தபோது நான்கு காலையும் நீட்டிக்கொண்டு கிடந்தது. மரவள்ளித் தழை ஆட்டுக்கு ஆகாது என்பது அந்த மலையில் பேச்சு வராத குழந்தைக்கும் தெரியும். அதனால்தான் அவனால் வெளியே சொல்ல முடியவில்லை. புலி அடித்துவிட்டது என்று சொல்லலாமென்றால், அங்கே புலியெல்லாம் தாத்தா காலத்தோடு சரி.

அன்றிலிருந்து அக்கா வாரம் தவறாமல் போன் செய்தாள். சோறு தின்றாயா, மழை பெய்ததா, சாமை விதைத்தாயா என்பது வரைக்கும் போன் மணிமணியாகக் கேட்கும். "கெடா எப்டி கீது தம்பி?" என்று அவள் கேட்ட நொடியில் ராஜதுரைக்கு டவர் போய்விடும். "அக்கா, கேக்கல, டவரு இல்ல" என்று கத்திவிட்டு வைத்துவிடுவான். அந்தப் பக்கம் அவள் இன்னும் சத்தமாகக் கேட்டுக்கொண்டிருப்பது அவன் காதில் நன்றாக விழும். இப்படிப் பன்னிரண்டு தடவை ஆயிற்று. உண்மையைச் சொல்லித் தொலைக்கக் கூடாதா என்றாள் கோகிலவாணி. நீயே சொல்லிவிடேன் என்று அவன் கெஞ்சினான்.

"உங்க அக்கா, உங்க வாயி. நடுவுல என்ன இழுக்காதீங்க" என்று அவள் கையைக் கழுவிவிட்டாள்.

அக்காவின் கோபத்துக்கு அவன் பயப்படவில்லை. அவளுக்குக் கோபம் வந்தால் திட்டுவாள், அரை மணியில் தீர்ந்துவிடும். பிள்ளைக்காக வேண்டிக்கொண்ட கிடா போய்விட்டது என்று கேட்டதும் அவள் முகம் ஒரு மாதிரி ஆகுமே, அதைத்தான் அவனால் தாங்க முடியாது.

இந்த நிலையில்தான் தமிழழகன் அம்மாவுக்கு ஸ்மார்ட் போன் வாங்கிக் கொடுத்துத் தொலைத்தான். தம்பியும் ஒன்று வாங்கினால் கிடாவை வீடியோவில் பார்த்துக்கொள்வேன் என்று அக்கா ஆசையாகச் சொன்னாள். ராஜதுரை இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் மண்டையில் பளிச்சென்று ஒரு யோசனை உதித்தது. கம்பெனி மாறினால் நம்பர் மாறும், நம்பர் மாறினால் அக்காவால் பிடிக்க முடியாது, அதற்குள் ஆடி வந்துவிடும். ஆடி வந்தால் அப்புறம் என்ன என்பதை அவன் யோசிக்கவில்லை. அவ்வளவு தூரம் யோசிக்கிறவன் கிடாவைக் குச்சியிலா கட்டுவான்?

இருவரும் காலை பஸ்ஸில் மலையிறங்கிக் கள்ளக்குறிச்சிக்கு வந்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் இருந்த போன் கடையில் எழில்மதி என்ற பெண் நின்றிருந்தாள். சுறுசுறுப்பான பெண், வாய் நிறையச் சிரிப்பு. கம்பெனி மாற வேண்டும் என்றதும் அவனுடைய பட்டன் போனை வாங்கி, அதிலிருந்து ஒரு மெசேஜ் போட்டால் ரகசியக் கோட் எண் வரும், அதை வைத்து மாற்றிவிடலாம் என்றாள். புது நம்பர் என்ன வரும் என்று ராஜதுரை ஆவலாகக் கேட்டான்.

"நம்பர் மாறாதுண்ணா" என்றாள் அவள், நல்ல சேதி சொல்கிற முகத்தோடு. "அதே நம்பர்தான். உங்கள எல்லாரும் எப்பவும் போலக் கூப்புடலாம்."

ராஜதுரை ஆடு திருடின கள்ளன் மாதிரி விழித்தான். மாறவே மாறாதா, கொஞ்சமாவது மாறாதா, கடைசி ஒரு எண்ணாவது மாறாதா என்று கேட்டுப் பார்த்தான். கோகிலவாணிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டு, மெசேஜைப் போடும்படி அந்தப் பெண்ணிடம் சொன்னாள்.

கோட் எண் வந்தது. ஆதார் அட்டையைக் காட்டியாயிற்று, போட்டோ எடுத்தாயிற்று. அடுத்ததாக, பட்டன் போனில் இந்தப் புது சிம் வேலை செய்யாது, அதனால் போனும் மாற்ற வேண்டும் என்று எழில்மதி ஏழெட்டு போன்களை வரிசையாக எடுத்து வைத்தாள். ராஜதுரை நிமிர்ந்து உட்கார்ந்தான். நம்பர் கைவிட்டால் என்ன, போன் இருக்கிறதே!

முதல் போனைக் காட்டி, இது காட்டுக்குள்ளேயும் டவர் எடுக்கும் என்றாள். அவன் அதை ஒதுக்கிவிட்டு, டவர் சரியாக எடுக்காத போன் எது என்று கேட்டான். இரண்டாவதில் பேச்சு கணீரென்று கேட்கும் என்றாள். கொரகொரவென்று கேட்கிற மாதிரி ஏதாவது இருந்தால் காட்டச் சொன்னான். முன்பக்கம் கேமரா இல்லாத போன் உண்டா என்றான். இல்லை என்றதும், இருக்கிற கேமராவை எதையாவது வைத்து அடைத்துத் தர முடியுமா என்றான். எழில்மதி அந்தக் கடையில் மூன்று வருஷமாக நிற்கிறாள். இப்படி ஒரு கிராக்கியை அவள் பார்த்ததில்லை. தன்னைச் சோதித்துப் பார்க்க முதலாளி அனுப்பிய ஆளோ என்று அவளுக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

கடைசியில் ராஜதுரையே கண்ணாடிப் பெட்டியின் கீழ்த்தட்டில் தூசி படிந்து கிடந்த சின்ன போன் ஒன்றைக் கண்டுபிடித்தான். அது பழைய சரக்கு, அதில் வீடியோ பார்த்தால் அண்ணன் யார், அண்ணி யார் என்றே தெரியாது என்று எழில்மதி உள்ளதைச் சொன்னாள். அவன் முகம் மலர்ந்துவிட்டது. இதுவே போதும் என்று அதைத் தன் சட்டையில் துடைத்துக்கூடப் பார்த்துவிட்டான். கோகிலவாணி எழுந்து வந்து, அதை அவன் கையிலிருந்து வாங்கி இருந்த இடத்திலேயே வைத்தாள். பிறகு வரிசையில் இருந்ததிலேயே பெரியதாக ஒன்றை எடுத்தாள்.

"இதுல ஆட்டு மயிரு ஒண்ணொண்ணா தெரியுமாம்மா?"

"எண்ணலாம்க்கா."

"அப்ப இதையே போடு."

திரும்பும் பஸ்ஸில் ராஜதுரையின் மடியில் போன் பெட்டி இருந்தது. புது சிம்முக்கு மூன்று நாளில் உயிர் வரும் என்று எழில்மதி சொல்லியிருந்தாள். மற்றவர்கள் அதைச் சீக்கிரம் வரச் சொல்வார்கள். இவன் மாரியம்மனிடம், அவளுக்குச் சேர வேண்டிய கிடாவைத் தொலைத்தவனே போய், மூன்று நாளை முப்பது நாளாக்கும்படி வேண்டிக்கொண்டான்.

மூன்றாம் நாள் விடிகாலையில் பழைய சிம் செத்தது. புது சிம்மைப் போட்டதும் போனின் நெற்றியில் டவரின் நாலு கோடும் நிமிர்ந்து நின்றன. பலாமரத்தடிக்குப் போக வேண்டாம், தலையைச் சாய்க்க வேண்டாம். அடுப்படியில் நாலு கோடு, ஆட்டுப் பட்டியில் நாலு கோடு, மரவள்ளிக் கொல்லைக்குள் குனிந்தாலும் நாலு கோடு. புதுப் போன் சேதி கேட்ட அக்கா அன்று காலையே வீடியோவில் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தாள். ராஜதுரை ஓட்டமாகப் பக்கத்துக் கொல்லை நாராயணசாமி வீட்டுக்குப் போனான். அவரிடம் ஒரு கறுப்புக் கிடா இருந்தது, ஆனால் சுட்டி இல்லை. ஒரு மணி நேரம் சும்மா வைத்திருந்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிவந்து, வெற்றிலைப் பெட்டியில் இருந்த சுண்ணாம்பை வழித்து அதன் நெற்றியில் வட்டமாக ஒரு சுட்டி வைத்தான். கோகிலவாணி சாமையைப் புடைத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டு மணிக்கு அக்காவின் வீடியோ கால் வந்தது. கோகிலவாணி போனைப் பிடித்துக்கொண்டாள்.

அக்காவின் முகம் திரை முழுக்க வந்தது. முன்மயிர் நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று ராஜதுரைக்குத் தெரியவில்லை. அவள் அவனை ஏற இறங்கப் பார்த்து, இளைத்துவிட்டான் என்றாள். சோறு தின்றானா என்றாள். மழை பெய்ததா என்றாள். பிறகு, அவன் பயந்தபடியே, கிடாவைக் காட்டச் சொன்னாள்.

அவன் கிடாவை இழுத்து வந்து நிறுத்தினான். அது அதற்குள் மரத்தில் நெற்றியைத் தேய்த்துவிட்டிருந்தது. வட்டமாக வைத்த சுட்டி வழிந்து மூக்கு வரைக்கும் வந்திருந்தது.

"சுட்டி மூக்குக்கு எறங்கிடுச்சே தம்பி?"

"வளர வளர எறங்கும்கா."

"ஒன் வெரலு ஏன் வெள்ளையா கீது?"

ராஜதுரை கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான். கோகிலவாணி பார்த்து வாங்கிய கேமரா. சுண்ணாம்பு அவன் நகக்கண்ணில் இருந்ததுகூட அங்கே தெரிந்திருக்கும். கிடா ஒரு தடவை தும்மியது. அக்கா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் அவன் எப்போதும் நான்கு வயதுப் பையன்தான்.

"அக்கா, நம்ம கெடா செத்துப்போச்சு. மரவள்ளித் தழ தின்னுடுச்சு. நான் தூங்கிட்டேன்."

அவள் முகம் மாறியது. அவன் பயந்தது போலவே ஒரு கணம் அப்படியே வாடி நின்றது. பிறகு அவள் காதைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"இன்னா தம்பி? ஒண்ணும் கேக்கல. டவரு இல்ல."

ராஜதுரை திரையின் மேலே பார்த்தான். நாலு கோடும் இருந்தன. இன்னும் சத்தமாகச் சொன்னான். கேட்கவில்லை என்றாள். கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கிடாவைத் திருப்பி வாங்க வந்த நாராயணசாமி வேலியோரமே நின்றுவிட்டார். ராஜதுரை மூன்றாம் முறை அடிவயிற்றிலிருந்து கத்தினான். கிடா செத்ததையும், மரவள்ளியையும், தான் தூங்கியதையும், மூன்று மாதமாகப் பொய் சொன்னதையும் சேர்த்துக் கத்தினான். மூன்று மாதமாக மூடி மூடி வைத்ததை அந்த மலைச்சரிவு முழுக்கக் கேட்டுக்கொண்டது. கத்தி முடித்தபோது அவன் அழுதுகொண்டிருந்தான்.

"இப்ப கேக்குது" என்றாள் ராஜாம்பாள். "மொத தடவையே கேட்டுச்சு. நீ என்னப் பன்னெண்டு தடவ கத்தவுட்ட. நான் மூணோட வுட்டுட்டேன்."

கோகிலவாணி சிரிப்பை அடக்க முடியாமல் போன் பிடித்த கையை ஆட்டிவிட, அக்காவின் முகம் திரையில் குலுங்கியது. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாரியம்மனுக்குச் சுட்டி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான், நிற்கிற கிடாவை நாராயணசாமியிடம் பேசி வாங்கிவிடு, ஆடிக்கு நான் வந்துவிடுகிறேன் என்றாள். பேசுவதற்கு ஒன்றுமில்லாதபடி நாராயணசாமி வேலியோரத்திலிருந்தே தலையாட்டினார்.

"மரவள்ளிப் பக்கம் மட்டும் கட்டாத" என்றாள் அக்கா.

"சரிக்கா."

அவன் வழக்கம்போல வைத்துவிடப் போகிறான் என்று நினைத்தாளோ என்னவோ, அவள் அவசரமாகக் கையை நீட்டினாள்.

"கட் பண்ணாத தம்பி. செத்த நேரம் மூஞ்சியப் பாத்துக்கினு இருக்கேன்."

ராஜதுரை போனைக் கோகிலவாணியின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, பழக்க தோஷத்தில் பலாமரத்தடிக்குப் போய் உட்கார்ந்தான். அன்று அவன் கட் செய்யவில்லை.