சேக் பரீதின் மிச்ச ஆட்டம்

1

இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. காரைக்காலிலிருந்து நெரவி போகும் வண்டி. முன் இருக்கையில் வயதான இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். "அவ வாப்பாவுக்கு ஆரம்பம் மட்டுந்தான் தெரியும். அதத்தான் எங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தாங்க" என்றாள் ஒருத்தி. எதன் ஆரம்பம் என்று காதைத் தீட்டிக்கொண்டேன். சதுரங்கம் என்று புரிவதற்குள் இருவரும் இறங்கிவிட்டார்கள். கண்டக்டர் விசில் ஊதினார். அந்த ஒரு வாக்கியத்தோடு நான் வண்டியில் தங்கிப்போனேன்.

மற்றதெல்லாம் நான் கட்டியது, பெயர்கள்கூட. ஆனால் எழுத எழுத, கட்டியது எது, கேட்டது எது என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியாமல் போயிற்று. நீங்களும் பிரிக்க முயல வேண்டாம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

அரசலாற்றின் முகத்துவாரத்தில் மூடுபனி கலைந்துகொண்டிருந்த ஒரு காலையில், தோளில் தகரப்பெட்டியோடு சேக் பரீது கரையில் கால்—

வேண்டாம். அவன் காரைக்கால் கரையில் இறங்கவே இல்லை. கப்பல் நின்றது நாகப்பட்டினத்தில். அங்கிருந்து பஸ் பிடித்து வந்தான். பனியும் இல்லை, சுள்ளென்று வெயில்.

இன்னொன்று:

பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறுவருஷம், காரைக்கால்—

இதையும் விட்டேன். சரித்திரத்தை முதல் வரியில் உட்காரவைத்தால் அது எழுந்து யாருக்கும் இடம் கொடுப்பதில்லை.

மூன்றாவது தொடக்கம் ஒரு குழந்தை கேட்டது. "உம்மா, அவங்க எப்ப ஊருக்குப் போவாங்க?"

கேட்டவள் சுல்தான் பீவி, ஏழு வயது. அவள் சொன்ன 'அவங்க' அவளைப் பெற்ற சேக் பரீது. அவள் தவழ்ந்துகொண்டிருந்தபோது சைகோன் கப்பலில் சமையல்கட்டு வேலைக்கு ஏறியவன், இப்போதுதான் திரும்பியிருக்கிறான். கதவுக்குப் பின்னால் நின்று, விருந்தாளியைப் பற்றி விசாரிப்பதுபோலத்தான் விசாரித்தாள். தாய் பத்ருன்னிசா அவள் வாயைப் பொத்தினாள். ஆனால் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் காதில் விழுந்துவிட்டது. அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

இதுதான் தொடக்கம். இனி பின்வாங்க மாட்டேன்.

3

சேக் பரீது காரைக்கால் கோவில்பத்தில், வீட்டை ஒட்டியிருந்த மைத்துனருடைய வாடகை சைக்கிள் கடையைப் பார்த்துக்கொண்டான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சைக்கிள் கேட்டு யாரும் வரமாட்டார்கள். கடல் காற்று வந்து கொல்லைப் பூவரச மரத்தை அசைக்கும். இலை நிழல் மண்ணில் ஆட ஆட, தரையே அவனுக்கு மெல்ல ஏறி இறங்கும். அப்படி ஒரு மதியம் தகரப்பெட்டியைத் திறந்து அந்தப் பலகையை எடுத்தான்.

அது கப்பல் சதுரங்கப் பலகை. கட்டத்துக்கு ஒரு துளை, காயின் அடியில் ஒரு முளை. அலை எவ்வளவு தூக்கிப் போட்டாலும் காய் சாயாது. கப்பல் டாக்டர் கொடுத்தது. பொழுது போகாத மாலைகளில் அந்த வெள்ளைக்காரர் சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து இவனுக்கு ஆடக் கற்றுக்கொடுத்தார். பத்துப் பன்னிரண்டு காய் நகர்வதற்குள் யாருக்காவது வாந்தி, யாருக்காவது காய்ச்சல் என்று மணி அடிக்கும். டாக்டர் எழுந்து போவார். மறுநாள் மறுபடி முதலிலிருந்து. அத்தனை வருஷத்தில் ஓர் ஆட்டம் முடிந்து சேக் பரீது பார்த்ததில்லை.

(இந்த டாக்டரை முன்பு நிறையப் பேசவிட்டிருந்தேன். அலை, விதி என்று என்னென்னவோ சொன்னார். எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். மணி அடித்தது, போய்விட்டார், அவ்வளவுதான் அவர்.)

தெருப்பிள்ளைகள் பலகையைச் சுற்றிக் கூடினார்கள். முதலில் வந்தவள் அல்லி. கடையில் பஞ்சர் ஒட்டும் தங்கையனின் மகள். ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளு, குதிரையை வெளியே எடு, அப்புறம் பைத்தியத்தை விடு என்று அவன் சொன்னதும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஊரில் மந்திரி என்று சொல்லும் காயை டாக்டர் தன் பிரெஞ்சு பாஷையில் பைத்தியம் என்றுதான் சொல்வார். இவனும் அதையே சொன்னான். பைத்தியம் இந்தக் கட்டத்தில் நின்றால் இத்தாலிக்காரன் தொடக்கம். ஒரு கட்டம் தள்ளி நின்றால் ஸ்பெயின்காரன் தொடக்கம். ஒரு கட்டத்தில் ஊரே மாறிவிடுகிறது என்பதைப் பிள்ளைகள் மறுப்பில்லாமல் நம்பினார்கள்.

காய்களெல்லாம் வெளியே வந்து, ராஜா கோட்டைக்குள் புகுந்ததும், "சரி, திரும்ப அடுக்குங்க" என்பான். அதுதான் ஆட்டம் என்று அவர்கள் நினைத்தார்கள். அந்தப் பூவரசடியில் ஒரு ராஜாவும் தோற்கவில்லை. ஒரு மதியம் இன்னொரு மதியத்தின்மேல் படிந்து, எது நேற்று, எது இன்று என்று தெரியாமல் நாட்கள் போயின.

சுல்தான் பீவி முதலில் அடுக்களை வாசலிலிருந்து பார்த்தாள். பிறகு கிணற்றடியிலிருந்து. ஒருநாள் அல்லியின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். சேக் பரீது நிமிரவில்லை. பார்த்தால் பறந்துவிடுவாளோ என்று பயந்தான். ஒரு சின்ன விரல் வந்து, சிப்பாயின் முளையைத் துளையில் அழுத்திவிட்டுப் போயிற்று.

4

அல்லியைப் பற்றி எனக்கு ஒரு சங்கடம். சுல்தான் பீவியைப் பலகைக்கு அழைத்துவரத்தான் அவளை உண்டாக்கினேன். வேலை முடிந்ததும் மெல்ல விலக்கிவிட நினைத்தேன். அவள் போகவில்லை. ஒரு மதியம் நான் எழுதாத ஒன்றைக் கேட்டாள்.

"பாய், எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. அப்புறம் என்ன செய்வாங்க?"

சேக் பரீது பலகையைப் பார்த்தான். ராஜாவை மடக்கினால் ஆட்டம் முடியும் என்று கேள்விப்பட்டிருக்கிறான். எப்படி என்று தெரியாது. அவன் வெட்கப்— இல்லை, வெட்கமில்லை அது. எங்கோ மணி அடித்ததுபோல அவன் தலையைத் திருப்பினான். பிறகு திரும்ப அடுக்கச் சொன்னான்.

அதே வாரம் நாகப்பட்டினத்திலிருந்து நடராசன் வந்தான். கப்பல்களுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவன். பினாங்கு போகும் கப்பலில் சமையலுக்கு ஆள் வேண்டுமாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் வண்டியோடு வருவதாகச் சொன்னான். சேக் பரீது யோசிக்காமல் தலையாட்டினான். வீட்டில் எந்த மூலையில் உட்காருவது, மகளிடம் என்ன பேசுவது என்று அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. கப்பலில் எல்லாம் பிடிபடும்.

5

நாகூரிலிருந்து பத்ருன்னிசாவின் அண்ணன் மகள் கமர் நிஷா வந்திருந்தாள். நல்ல வளர்த்தியான பெண், வீட்டில் அண்ணன்மாரோடு ஆடிப் பழகியவள். சுல்தான் பீவி அவளை எதிரே உட்காரவைத்து, பார்த்துப் பார்த்தே பழகிய இத்தாலிக்காரன் தொடக்கத்தைப் பிசகில்லாமல் ஆடிக் காட்டினாள். கோட்டையும் கட்டினாள். கட்டிவிட்டுக் காய்களைத் திரும்ப அடுக்கக் கையை நீட்டினாள்.

கமர் நிஷா கையைத் தடுத்தாள். இனிமேல்தான் ஆட்டம் என்றாள். அவள் குதிரை உள்ளே வந்தது. சிப்பாய்கள் ஒவ்வொன்றாகப் பிடுங்கப்பட்டு மண்ணில் கிடந்தன. எந்தக் கட்டமும் தெரிந்த கட்டமாக இல்லை. கடைசியில், "ராஜாவுக்கு வழியில்ல. முடிஞ்சிருச்சு" என்றாள் கமர் நிஷா, கொஞ்சம் இரக்கத்தோடுதான்.

சுல்தான் பீவி பலகையைப் பார்த்தபடி இருந்தாள். முடியும் என்பதே அவளுக்குப் புதிது. பிறகு எழுந்து, கடைக்குள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவனுக்கு முன்னால் போய் நின்றாள். முகமெல்லாம் கண்ணீர்.

"நீங்க சொல்லவே இல்லையே" என்றாள்.

வந்த நாளிலிருந்து அவள் அவனிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. எண்ணெய்க் கையோடு அவன் மண்டியிட்டான். "எனக்கே தெரியாதும்மா" என்றான்.

(இங்கே அவன் அவளைக் கட்டிக்கொண்டதாக எழுதியிருந்தேன். சட்டையில் எண்ணெய் ஆகிவிடும் என்று அவள் ஒதுங்கிக்கொண்டாள்.)

6

பத்ருன்னிசா அதிகம் பேசுகிறவள் அல்ல. பெட்டியை அவள்தான் அடுக்கினாள். லுங்கிகளை மடித்து வைத்துக்கொண்டே, சண்டைக் குரலில்லாமல், இவ்வளவு மட்டும் சொன்னாள்: "மச்சான், நீங்க ஒக்கார்றப்பவே எழுந்திரிக்கிற மாதிரிதான் ஒக்கார்றீங்க. எனக்குப் பழகிப்போச்சு. புள்ளைக்கும் பழக்கிவிட்டுராதீங்க."

அவன் பெட்டிக்குள் அவள் வைத்த பலகையை வெளியே எடுத்தான்.

7

வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்துவிட்டது. பூவரசடியில் தகப்பனும் மகளும் எதிரெதிரே இருக்கிறார்கள். தெரிந்த காய்களெல்லாம் நகர்ந்தாயிற்று. மணி அடிக்கவில்லை. அவன் ஒரு சிப்பாயை நகர்த்தினான், சரியா தப்பா என்று தெரியாமல். அவள் அதை வெட்டினாள், அதுவும் தெரியாமல். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கரை மறைந்த பிறகு படகில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வது போல.

இதற்கு இரண்டு முடிவு எழுதினேன். ஒன்றில் அவன் போகிறான். பெட்டி இல்லாத மூலையைச் சுல்தான் பீவி இரண்டு நாள் பார்க்கிறாள். இன்னொன்றில் இருக்கிறான், மைத்துனரோடு மனஸ்தாபம் வந்து, கடையை விட்டு, நெரவிப் பக்கம் தனியாக நாலு சைக்கிள் வைத்துச் சிரமப்படுகிறான். இரண்டுமே நடக்கக்கூடியவை. இரண்டையும் கிழித்துப்போட்டேன்.

ஏனென்றால் வாசலில் வண்டி வந்து நின்றபோது, நடராசன் குரல் கொடுத்தபோது, சேக் பரீது கையைத் தரையில் ஊன்றிப் பாதி எழுந்தபோது, சுல்தான் பீவி பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"இருங்க வாப்பா. நான் யோசிக்கிறேன்ல."

அவன் உட்கார்ந்தான். முழுசாக உட்கார்ந்தான்.

அவள் குதிரையைத் தொடுகிறாள், விடுகிறாள். அவளுக்கு அவசரமில்லை. எனக்கும் இல்லை, இந்த இடத்தில் பேனாவை மூடிவைக்கிறேன். வாசலில் நிற்கிறவனிடம் யாராவது போய்ப் பேசத்தான் வேண்டும். நீங்கள் போங்கள். காத்திருக்கச் சொல்வதோ, திரும்பிப் போகச் சொல்வதோ உங்கள் விருப்பம். எதைச் சொன்னாலும் மெதுவாகச் சொல்லுங்கள். குழந்தை யோசித்துக்கொண்டிருக்கிறது.