தவிட்டம்மாளின் பிறப்பு நகல்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் என் மாமனார் வீட்டுக் கிணறு. அதில் எங்களுக்குப் பங்கு உண்டா இல்லையா என்று பார்க்க, பழைய கணக்கு ஒன்றின் நகல் வேண்டியிருந்தது. 1959, சித்திரை மாதம். திண்டுக்கல் தாலுகா ஆபீஸ் எதிரே புளியமரத்தடியில் மனு எழுதிக்கொடுக்கும் ராயப்பராஜின் பெஞ்சியில் போய் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள். அடுத்தவர் விவகாரத்தைக் கேட்கக் கூடாது என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

கிணறு என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். அது வேறு வயிற்றெரிச்சல்.

2

கதையை முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்: ‘மலைக்கோட்டையின் நிழல் மெல்ல ஊரின் மேல் இறங்கிக்கொண்டிருந்த அந்த...’

[நிறுத்திவிட்டேன். காலை பத்து மணிக்கு எந்த நிழல்? தவிர, அந்த மூன்று பெண்களில் ஒருத்தியான பேச்சாயி மலைக்கோட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.]

இரண்டாவது: ‘பேச்சாயி பெற்றது நான்கு. அதில் மூன்று...’

[உண்மைதான். ஆனால் வந்ததும் வராததுமாக வாசகர் கையில் மூன்று பச்சைப் பிள்ளைகளின் சாவைக் கொடுப்பது மரியாதையில்லை. செத்த நேரம் போகட்டும்.]

மூன்றாவது: ‘பேச்சாயி மடியில் செருகியிருந்த காகிதத்தை எடுத்து நீட்டினாள்.’ இதில் அலங்காரமும் இல்லை, பொய்யும் இல்லை. இப்படியே போகலாம்.

3

பேச்சாயி மடியில் செருகியிருந்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். வேடசந்தூர் பக்கத்து ஊர்க்காரி. புஞ்சைக்காட்டில் நின்று கறுத்த முகம்.

“இந்தப் புள்ள பொறக்கவே இல்லேன்னு எழுதியிருக்காம் சாமி. பொறக்காமயா இப்பிடி முன்னால நிக்கிறா?”

முன்னால் நின்ற பெண்ணுக்குப் பதினெட்டு வயது இருக்கும். கிராமசேவிகா பயிற்சிக்கு எடுத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்ட பிறந்த தேதி செல்லாது, பிறப்புப் பதிவின் நகல் கொண்டு வா என்று சொல்லிவிட்டார்கள். தகப்பன் பெருமாள்சாமி பெயரில் தேடச் சொல்லி மனுப் போட்டாயிற்று. பதிவு இல்லை என்று பதில்.

ராயப்பராஜ் காகிதத்தைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “யாரு புள்ள இது?”

பேச்சாயி பின்னால் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற அம்மாள்தான் முன்னே வந்தாள். கழுத்தில் ஜெபமாலை. பெயர் ஆனந்தமேரி, அடுத்த வீட்டுக்காரி.

“எம்புள்ள சார். தவுட்டுக்கு வாங்குனேன்.”

(தெரியாதவர்களுக்காக ஓரமாக ஒரு குறிப்பு. பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்துச் செத்துக்கொண்டே இருந்தால், அடுத்து பிறந்ததைச் சுளகில் போட்டுப் பக்கத்து வீட்டுக்காரிக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். வாங்கினவள், ‘இது எம்புள்ள, நீ வளத்துக் குடு’ என்று பெற்றவளிடமே திருப்பித் தருவாள். எமன் வந்து விசாரித்தால் அந்த வீட்டில் பிள்ளையே இல்லை. பெற்றவளும் விடாமல் நடிக்க வேண்டும். பேச்சாயியின் நேர்த்திக்கடன், இந்தப் பெண்ணின் கழுத்தில் தாலி ஏறும்வரை ‘என் பிள்ளை’ என்று சொல்லுவதில்லை என்பது. அவளை அந்தப் பெண் ‘அத்தே’ என்றுதான் கூப்பிட்டாள். ஊருக்கே தெரியும், அவளுக்கும் தெரியும். யாரும் சொன்னதில்லை.)

பிறப்புக் கணக்கு எடுக்கத் தலையாரி வந்த அன்று பெருமாள்சாமி என்ன சொல்லியிருப்பார் என்று இப்போது நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். ‘எங்க வீட்டுல ஏது புள்ள? மேரி வீட்டுலதான் பொறந்திருக்கு.’ எமனுக்குச் சொன்ன பொய்யைச் சர்க்கார் எழுதி வைத்துக்கொண்டது.

ஆனந்தமேரியின் புருஷன் ஞானப்பிரகாசம் பெயரில் தேட ராயப்பராஜ் இன்னொரு மனு எழுதிக்கொடுத்தார். அடுத்த வாரம் என் கிணற்று நகலுக்காக நான் மறுபடி போன அன்று அவர்களுக்கு நகல் வந்தது. பெண் குழந்தை. கிறிஸ்தவர். தாய், ஆனந்தமேரி.

4

இந்த இடத்தில் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, முதலில் அந்தப் பெண்ணுக்குப் பொன்னழகு என்று பெயர் வைத்திருந்தேன். ஆசைதான். ஆனால் தவிட்டுக்கு வாங்கின பிள்ளைக்கு யாரும் கண்படுகிற மாதிரிப் பெயர் வைக்கமாட்டார்கள். தவிட்டம்மாள் என்று மாற்றினேன்.

இரண்டு, பெருமாள்சாமி. அவர் இருக்கிறாரா இல்லையா என்று மரத்தடியில் பேச்சே வரவில்லை. உயிரோடு இருந்தால் அவரே வந்து கையெழுத்துப் போட்டிருப்பார், கதை அங்கேயே படுத்திருக்கும். எனவே அவர் போன வருஷம் காலமாகிவிட்டார் என்று எழுதினேன். ஒரே வரி. ஒரு வரியில் ஆளைக் கொல்லலாம் என்று நான் நம்புவதில்லை. பேச்சாயி நம்புகிறாள். கதை அவளுடையது.

5

பதிவைத் திருத்தலாம் என்றார் தாசில்தார். ஆனந்தமேரி வாக்குமூலம் கொடுக்க வேண்டும். அது ஆயிற்று. பெற்றவளும் கொடுக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவள் என்பதால், எழுதியதை அவள் முன்னால் உரக்க வாசித்துக் காட்டுவார்கள். அவள் வாயால் ‘சரி’ என்ற பிறகுதான் கைநாட்டு.

பேச்சாயி மரத்தடிக்குத் திரும்பி வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். பயந்துபோயிருந்தாள். இந்தப் பெண்ணுக்கு அம்மை போட்டபோது வாசலிலேயே கிடந்தவள், அப்போதும் ஆனந்தமேரியைத்தான் உள்ளே அனுப்பினாள். பெண் பெரியவளானபோது அத்தையாக நின்று தண்ணீர் ஊற்றினாள். இத்தனையும் பொறுத்தது ஒரு சொல் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது என்றுதான். இப்போது அதைச் சர்க்கார் முன்னால் சொல்லச் சொல்லுகிறார்கள்.

“வேணாம் அத்தே,” என்றாள் தவிட்டம்மாள். “மேரியம்மா மகள்னே இருந்துட்டுப் போகட்டும். ஒரு காயிதந்தானே?”

“எனக்கென்னடி கொறையா?” என்றாள் ஆனந்தமேரி. “பெறாமப் பெத்த புள்ள.”

“செத்த நேரம் சும்மா இருங்கடி ரெண்டு பேரும்!” பேச்சாயி தரையில் கையால் அறைந்தாள். பதினெட்டு வருஷமாக இல்லாத பொறாமை அந்த நிமிஷத்தில் வந்தது. உயிர் பிழைக்கட்டும் என்று விற்றாள். நிஜமாகவே விற்றுப்போகும் என்று நினைக்கவில்லை.

ராயப்பராஜ் பேனாவை மூடினார். “ஆத்தா, நாளைக்குக் கல்யாணம், சொத்து எது வந்தாலும் இந்தக் காயிதந்தான் பேசும். நீ செத்தாக் கொள்ளிக்குடம் தூக்கக்கூட இவளுக்குப் பாத்தியதை இல்லேம்பாக.”

(கொள்ளிக்குடத்துக்கும் பிறப்பு நகலுக்கும் சம்பந்தமில்லை. மகள்களைத் தூக்க விடவும் மாட்டார்கள். மனுவில் சேராததையும் சேர்த்துப் பேசுவது அவர் பழக்கம். ஆனால் அது பேச்சாயியை எழுப்பியது.)

6

முடிவுகள்.

அ. பேச்சாயி சொல்லுகிறாள். பெண் பயிற்சிக்குப் போகிறாள். ஒன்றும் ஆகவில்லை. எல்லாரும் சிரிக்கிறார்கள். [மூடநம்பிக்கை ஒழிப்புப் பிரசுரம் மாதிரி இருக்கிறது.]

ஆ. பேச்சாயி சொல்லுகிறாள். ஒட்டன்சத்திரம் ரோட்டில் காய்கறி லாரி ஒன்று... [இல்லை. இதை எழுத என் கை வரவில்லை. காரணம் கேட்காதீர்கள்.]

இ. பேச்சாயி சொல்லவில்லை. பெண், ஆனந்தமேரியின் மகளாகவே பஸ் ஏறுகிறாள். பேச்சாயி வாசலில் நின்று கையசைக்கிறாள், அத்தையாக. [இது நடந்திருக்கக்கூடியது. அதனாலேயே பிடிக்கவில்லை.]

7

எனவே எனக்குத் தெரிந்த இடம்வரை.

தாசில்தார் அறை. நான் வெளியே, திறந்த கதவுக்கு இந்தப் பக்கம். குமாஸ்தா காகிதத்தைக் கையில் எடுத்தார். வாசிக்க வாயைத் திறந்தபோது பேச்சாயி, “இருங்க சாமி” என்றாள். பிறகு திரும்பினாள். “நீ வெளிய போய் நில்லு, புள்ள. மரத்தடிக்குப் போயிரு. கேக்காத தூரத்துல நில்லு.”

தவிட்டம்மாள் அசையவில்லை.

“போக மாட்டேன்.”

“சொன்னாக் கேளு.”

“வேலை போனாப் போகுது. எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும். நான் அதைக் கேக்கணும். ஒரே ஒரு வாட்டி.”

பேச்சாயி தடுக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். குமாஸ்தா, வாசிப்பதா வேண்டாமா என்று தாசில்தாரைப் பார்த்தார். தாசில்தார் காகிதத்தைப் பார்த்தார்.

காகிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: ‘மேற்படி தவிட்டம்மாள் என் வயிற்றில் பிறந்த, உயிரோடு இருக்கும் ஒரே பிள்ளை.’

கதையில் இதை எழுதினது நான். எழுத்தாக இருக்கும்வரை இந்த வாக்கியத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை என்பது பேச்சாயியின் கணக்கு. நீங்களும் இதுவரை சத்தமில்லாமல்தான் வாசித்து வந்திருக்கிறீர்கள். இனி, குமாஸ்தா நீங்கள்தான். வாய்விட்டு வாசிப்பதும், காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுப்பதும் உங்கள் பாடு. எதுவானாலும் சீக்கிரம் செய்யுங்கள். அந்தப் பெண் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள்.