எதிர் வசனம்

தொழிலில் அவருக்கு டாக்டர் என்று பெயர். ஊசி போடத் தெரியாது. சீரியல்களில் ஆபரேஷன் அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து, “எங்களால முடிஞ்சதைச் செஞ்சோம்” என்று கையை விரிக்கிற டாக்டர் அவர்தான். பதினைந்து வருடத்தில் எத்தனையோ பேரைச் சாகடித்துவிட்டார். அந்தக் கதைகளில் ஒன்றிலாவது அவருக்கென்று ஒரு பெயர் வைத்திருப்பார்களா என்றால், இல்லை. மேடையில் வெளுத்து வாங்கியவர். இன்றைக்கும் எழுந்தவுடன் கண்ணாடி முன் நின்று நாக்கைச் சுழற்றி உச்சரிப்புப் பழகுகிறவர். உழைப்பில் அவரைக் குறை சொல்ல முடியாது.

இப்போது ஒரு படத்தில் அண்ணன் வேடத்துக்கு ஆள் தேடினார்கள். பெயரும் வீடும் கோபமும் உள்ள அண்ணன். ஒரு காட்சியை வீட்டிலேயே செல்போனில் எடுத்துச் சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும். ஒருவரே மாற்றி எடுத்து அனுப்பினாலும் சரிதான், அவருடையதில் கடைசியாக வந்ததைத்தான் பார்ப்பார்களாம். போனுக்கு முன்னால் இருப்பவர் அண்ணன். போனுக்குப் பின்னால் நின்று யாராவது தம்பியின் வசனத்தைப் படித்துத் தர வேண்டும். டாக்டர் சாம்பல் நிறப் போர்வையைச் சுவரில் ஆணியடித்து மாட்டி, மனைவியைப் படிக்கச் சொல்லி, காலையிலேயே அனுப்பிவிட்டார். இந்த வேடம் நம்மை விட்டு எங்கே போகும் என்று காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மதியம் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி, செல்போன் கடையில் விற்பனைக்கு நிற்கிறவன். ஒரு நாள் டாக்டரை ஷூட்டிங்கில் இறக்கிவிட வந்தவனை, முகம் நன்றாயிருக்கிறது என்று யாரோ கூட்டத்தில் நிறுத்தினார்கள். அதிலிருந்து அவனுக்கு வாய்ப்பு மேல் வாய்ப்பு. ஒரு விளம்பரத்தில்கூட வந்து சிரித்துவிட்டான். அந்த விளம்பரம் வரும்போதெல்லாம் டாக்டருக்குத் தாகமெடுத்துவிடும், சமையலறைக்குப் போய்விடுவார்.

வந்தவன் அதே அண்ணன் வேடத்துக்குத் தன்னையும் கேட்டிருப்பதாகச் சொன்னான். எதிர் வசனத்தை அத்தான் படித்தால் தேவலை என்றான். டாக்டருக்கு வயிறு பற்றி எரிந்தது. நேற்று வந்த பயல், நாக்கைச் சுழற்றத் தெரியாதவன், என் போர்வைக்கு முன்னால் நின்று என் வேடத்தைக் கேட்கிறானே! வாய் மட்டும் தாராளமாகச் சரி என்றது.

முதல் தடவை, கடனே என்று படித்தார். அப்பா செத்ததற்கு வராத தம்பி, பல வருடம் கழித்து வாசலில் வந்து நின்று மன்னிப்புக் கேட்கிற காட்சி. கரண்டு பில் வாசிப்பதுபோல் உப்புச்சப்பில்லாமல் வாசித்தார். பையன் பாவம், பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் தடுமாறினான். டாக்டருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

“சரியா வரலை அத்தான். என் மேலதான் தப்பு, இன்னொரு தடவை பார்ப்போம்” என்றான் மச்சான்.

அவன் தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டது டாக்டருக்கு இன்னும் எரிச்சலாகிவிட்டது. நடிப்பு என்றால் என்னவென்று இவனுக்குக் காட்டுகிறேன் பார் என்று கிளம்பினார். இந்தத் தடவை தம்பியாகவே மாறிவிட்டார். குரல் கெஞ்சியது, திக்கியது, ஒரு இடத்தில் நின்றேவிட்டது. இதற்கு எதிரில் அந்தப் பயலின் முகம் செல்லாக்காசாகிவிடும் என்பது அவர் கணக்கு. கேமரா யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை அந்த வேகத்தில் மறந்துவிட்டார்.

மச்சானுக்குக் கடைக்கு நேரமாகிவிட்டது. எது தேவலையோ அதை நீங்களே அனுப்பிவிடுங்கள், உங்களுக்குத் தெரியாததா என்று எல்லாவற்றையும் அவர் போனில் விட்டுவிட்டு ஓடினான்.

டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டையும் பார்த்தார். முதலாவது மரக்கட்டை. அனுப்பினால் அவன் கதை முடிந்தது, ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. இரண்டாவதில் அவன் ஒன்றுமே செய்யவில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் நின்றான். கேட்கக் கேட்க முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகி, கடைசியில், “உள்ளே வா. கதவைச் சாத்து” என்று சொன்னபோது, டாக்டர் வாயிலிருந்தே சபாஷ் வந்துவிட்டது. வந்ததற்காக அவனை இன்னொரு முறை திட்டினார்.

நம்முடையது இதைவிட மேல் என்று மனதைத் தேற்றிக்கொள்ளத் தன் காட்சியைப் போட்டார். எங்கே உதைக்கிறது என்று முதலில் பிடிபடவில்லை. மறுபடியும் போட்டார். மனைவி தம்பியின் வசனத்தைப் படிக்கப் படிக்க, இவர் உதடும் கூடவே அசைந்துகொண்டிருந்தது. எல்லார் வசனமும் தலைகீழ்ப் பாடமல்லவா! எப்போது முடிப்பாள், எப்போது நம் முறை வரும் என்று பஸ்ஸுக்கு நிற்பவர்போல் நின்றிருந்தார். பதினைந்து வருடமும் இப்படித்தானா என்று நினைத்தபோது உடம்பு கூசியது.

மனைவி உள்ளே வந்து, தன் தம்பியினுடையதில் எதை அனுப்பினீர்கள் என்றாள். இன்னும் இல்லை என்றவர், அவள் பார்க்கும்போதே இரண்டாவதை அனுப்பினார். பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவர் வாழ்க்கையிலேயே நன்றாக நடித்தது அதில்தான் இருந்தது, முகம் தெரியாமல். அந்தக் குரலைக் குப்பையில் போட அவருக்கு மனம் வரவில்லை. அனுப்பிய கையோடு, அவனுக்குக் கிடைக்காமல் போகட்டும் என்றும் வேண்டிக்கொண்டார்.

“காலையில நான் எப்படி நடிச்சேன்?” என்று கேட்டார்.

“எனக்கென்ன தெரியும்? நீங்க என்னை ஒரு தடவைகூடப் பார்க்கலை.”

ஜன்னலில் வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. அவர் போய்ப் போர்வைக்கு முன்னால் நின்று, இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அடுப்பில் வேலை கிடப்பதாக முனகிக்கொண்டே அவள் போனைத் தூக்கிப் பிடித்தாள்.

உதட்டைப் பல்லால் கவ்விக்கொண்டு கேட்டார். சாவுச் செய்தி வந்ததும் பஸ் நிலையம்வரை வந்து, ஏறாமல் திரும்பிப் போனேன் என்கிறான் தம்பி. நூறு தடவை சொல்லிப் பார்த்த வரி. ஏண்டா ஏறவில்லை என்று இப்போதுதான் அவருக்குக் கேட்கத் தோன்றியது. அவளைப் பார்த்தார்.

அவள் படித்து முடித்தாள். இனி அவர் பேச வேண்டும். மேடையிலும் சரி, செட்டிலும் சரி, ஒரு வார்த்தை தவறவிடாத மனிதருக்கு வசனம் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

மறந்துவிட்டாரே என்று அவள் போனைத் தாழ்த்தப் போனாள்.

“நிறுத்தாத” என்றார். “ஓடட்டும்.”