ஐந்தாவது டப்பா

அறிவியல் விழாவில் எனக்குக் கிடைத்தது மூக்கு மேசை. நான் கேட்டு வாங்கவில்லை. சோப்புக் கம்பெனியில் வாசனை கலக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன் என்று வாயைக் கொடுத்ததும், அமைப்பாளர் அம்மாள் என் தலையில் கட்டிவிட்டார். "உனக்கு இருக்கிற மூக்குக்கு இது பொருத்தம்தான்" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். அவர் சொன்னது என் மூக்கின் திறமையை அல்ல, நீளத்தை.

மேசையில் ஐந்து டப்பாக்கள். எல்லாவற்றுக்கும் வாயில் துணி கட்டியிருந்தது. காப்பித்தூள், எலுமிச்சைத் தோல், வினிகர், எங்கள் கம்பெனி சோப்பு, ஐந்தாவதில் சமையல் கேஸ். கேஸ் என்றால் நிஜக் கேஸ் இல்லை. ஏஜென்சிக்காரர்கள் பாதுகாப்புப் பிரச்சாரத்துக்காகக் கொடுக்கும் அட்டை, தேய்த்தால் அதே நாற்றம் வரும். குடும்பம் குடும்பமாக வந்து முகர்ந்து சொல்ல வேண்டும். ஐந்தாவதுக்கு வரும்போது ஒவ்வொரு முகமும் போகிற போக்கைப் பார்க்கவே காசு கொடுக்கலாம். ஒரு தாத்தா டப்பாவை வைத்துவிட்டுத் தன் பேரனைச் சந்தேகமாகப் பார்த்தார்.

வெளியே நாலைந்து நாளாக விடாத மழை. கூடத்துக்குள் ஈரக் குடைகளும் குழந்தைகளும் நிறைந்திருந்தன. பக்கத்து மேசை ஒரு எலக்ட்ரீஷியனுடையது. அடுப்பு லைட்டரை அமுக்கினால் பொறி எப்படி வருகிறது என்று பிரித்துக் காட்டுகிறார். அதனால் வீட்டிலிருந்து லைட்டரைக் கொண்டு வரும்படி பிள்ளைகளுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். டிக் டிக் என்று காதைப் பிளந்துகொண்டிருந்தது.

அக்கா மதியத்துக்கு மேல் வந்தாள், இரண்டு பெண்களோடு. பெரியவள் கையில் லைட்டர். வந்ததும் வராததுமாக அக்கா புலம்ப ஆரம்பித்தாள்: இவள் சொல்லாமல் கொள்ளாமல் லைட்டரை எடுத்து வந்துவிட்டாளாம், அத்தான் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறாராம், எழுந்து டீ போட லைட்டர் இல்லையென்றால் வீட்டை இரண்டாக்கிவிடுவாராம். அவர்கள் அந்த மூன்றாம் மாடி வீட்டுக்குக் குடிபோய்க் கொஞ்ச நாள்தான் ஆகிறது. நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. அதையும் சேர்த்துக் குத்திக்காட்டினாள்.

பேச்சை மாற்ற டப்பாக்களை நீட்டினேன். சின்னவள் காப்பியைச் சொன்னாள், எலுமிச்சையைச் சொன்னாள், வினிகருக்குத் தும்மினாள், சோப்புக்கு என்னைக் கட்டிப்பிடித்து "சித்தி வாசனை" என்றாள். ஐந்தாவதை முகர்ந்தாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"இதுல ஒண்ணுமே இல்ல சித்தி. காலி டப்பா."

பெரியவள் வாங்கி முகர்ந்தாள். அவளும் உதட்டைப் பிதுக்கினாள். அக்கா நான்கையும் பட்பட்டென்று சொல்லிவிட்டு ஐந்தாவதைத் திருப்பித் திருப்பி முகர்ந்து, நான் ஏமாற்றுகிறேன் என்றாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நானும் விடாமல் கிண்டல் செய்தேன். அட்டை காய்ந்துவிட்டதோ என்று டப்பாவை என் மூக்கருகே கொண்டுபோனேன். நாற்றத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வரிசையில் அடுத்து நின்ற குழந்தையிடம் நீட்டினேன். அது அழுதுவிட்டது.

எனக்குச் சிரிப்பு நின்றுபோனது.

எங்கள் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு. அடிக்கடி முற்றத்துக்குப் போய் வெறும் காற்றில் நின்றுவிட்டு வருவோம். போகாவிட்டால் மேற்பார்வையாளரே துரத்துவார். காரணம், மூக்கு நன்றி கெட்டது. ஒரு வாசனையோடு கூடவே இருந்தால் அது பழகிப்போகும். பிறகு அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சாதிக்கும். மல்லிகை எசன்ஸ் தொட்டிக்குப் பக்கத்தில் வேலை செய்கிற பெண்ணுக்கு மல்லிகையைத் தவிர எல்லாம் மணக்கும். மூன்று பேருக்கு மூக்கு நன்றாக இருந்து, மூன்று பேருக்கும் ஒரே ஒரு வாசனை மட்டும் தெரியவில்லை என்றால், அந்த மூன்று பேரும் அதற்குள்ளேயே குடியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

வீட்டில் யாருக்காவது தலைவலி உண்டா என்று கேட்டேன். மழைக்கு ஜன்னலெல்லாம் சாத்தியே கிடக்கிறது, எல்லோருக்கும்தான் தலைவலி, இப்போது உன்னாலும் தலைவலி என்றாள் அக்கா. உங்கள் வீட்டில் கேஸ் கசிகிறது என்று நான் சொன்னதைக் கேட்டதும் முதலில் சிரித்தாள். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அத்தான்கிட்ட இப்ப சொல்லாதே. சொன்னா மனுஷன் என்ன செய்வாருன்னு உனக்கே தெரியும்."

அவளுக்குத் தெரியும். எங்கள் குடும்பத்துக்கே தெரியும். அத்தான் கேஸ் கசிவைப் பார்க்கிற முறை ஒன்று இருக்கிறது. சிலிண்டர் மாற்றினால் சோப்பு நுரை வைத்துப் பார்க்க மாட்டார். தீக்குச்சியைக் கிழித்து ரெகுலேட்டரைச் சுற்றிக் காட்டுவார். பற்றினால் கசிகிறது, பற்றாவிட்டால் சரி. எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். இத்தனை வருஷத்தில் ஒன்றும் ஆகவில்லையே என்பார். சிறிதாகக் கசிந்தால் நீலமாக ஒரு பொட்டு எரியும், ஊதி அணைத்துவிடுவார். சாத்திய வீட்டில் நாள் கணக்கில் தேங்கிக் கிடப்பதை ஊதி அணைக்க முடியாது.

பிள்ளைகளை எலக்ட்ரீஷியனிடம் ஒப்படைத்தேன். அவருக்கும் விஷயத்தைச் சொல்லி, ஏஜென்சிக்குத் தகவல் கொடுக்கச் சொன்னேன். திரும்பினால் அக்கா வாசலில் நின்று போனைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"வெளிய வாங்கன்னு மட்டும்தான்டி சொல்ல நெனச்சேன். ஏன் ஏன்னு கேட்டாரு. சொல்லிட்டேன். 'சரி, இரு, பாத்துட்டுக் கூப்பிடுறேன்'னு வச்சிட்டாரு."

மறுபடி அடித்தால் எடுக்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அவளை அங்கேயே அறைந்திருப்பேன். நேரமில்லை. குடையை மறந்து ஓடினோம். அக்காவின் தெரு பக்கம்தான், ஆனால் அன்றைக்கு அது நீண்டுகொண்டே போனது. தண்ணீர் தேங்கிய இடங்களில் அவள் செருப்பு மாட்டிக்கொண்டது, கழற்றி எறிந்துவிட்டு வந்தாள். ஒவ்வொரு முனையிலும் எந்த நேரமும் வெடிக்கும் சத்தம் கேட்கும் என்று என் காது காத்துக்கொண்டிருந்தது. மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பெரியவளிடம் லைட்டர் இருக்கிறது, வீட்டில் லைட்டர் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓடினேன். தீப்பெட்டி இருக்குமா என்று அக்காவிடம் கேட்கப் பயமாக இருந்தது.

இரண்டாம் மாடியிலேயே எனக்கு நாற்றம் வந்துவிட்டது. டப்பாவில் இருந்ததே இங்கே படிக்கட்டு நிறைய இருந்தது. புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினேன்.

"உனக்கு இப்பக்கூட ஒண்ணும் தெரியலையா?"

அக்கா காற்றை இழுத்துப் பார்த்தாள். "எங்க வீடு எப்பவும் இப்படித்தானே இருக்கும்" என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அழைப்புமணிக்குப் போன அவள் கையைத் தட்டிவிட்டேன்; அதிலும் பொறி உண்டு. சாவி போட்டுத் திறந்தாள். கட்டிலில் போர்வை மட்டும் கிடந்தது. சமையலறையில் எல்லா இழுப்பறைகளும் வெளியே இழுத்துக் கிடந்தன; கரண்டிகளும் மூடிகளும் தரையெங்கும். அவர் தேடியிருக்கிறார். அத்தானைக் காணோம். அக்கா குளியலறைக் கதவைத் தள்ளிப் பார்த்தாள். நான் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிட்டு ஜன்னல் கொக்கியோடு மல்லுக்கட்டினேன்.

அப்போது படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. அத்தான் நனைந்துபோய், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தார். லைட்டரை எந்தக் கழுதை தூக்கிக்கொண்டு போனது, ஒரு குச்சிக்காகக் கடைவரை நடக்க வேண்டியிருக்கிறது என்று திட்டிக்கொண்டே வந்தார். கையில் புதுத் தீப்பெட்டி. எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பெட்டியைத் திறந்து ஒரு குச்சியை எடுத்தார்.

"நீங்களும் வந்துட்டீங்களா? இருங்க, ஒரே நிமிஷம், உங்க முன்னாடியே காட்டிடுறேன்."

அக்கா கத்தவில்லை. ஓடிப்போய் அவர் இரண்டு கைகளையும் சேர்த்துத் தன் கைகளுக்குள் பிடித்துக்கொண்டாள். குச்சி உடைந்தது. அவள் விடவில்லை. அத்தான் அவள் வெறுங்காலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், அவளோடு படியிறங்கினார்.

ஏஜென்சி ஆள் வந்து அடுப்புக்குப் பின்னால் டியூப் மடங்கும் இடத்தில் இருந்த வெடிப்பைக் காட்டினார். இவ்வளவு நாற்றத்தில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்டார். அத்தான் தலைகுனிந்து நின்றார். அந்த மனிதர் தலைகுனிந்து நான் பார்த்ததில்லை.

வீடு காற்றாடும்வரை எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று சாயங்காலம் நால்வரையும் கூட்டி வந்தேன். என் வீட்டுக்காரர் முன்பே வந்து, எல்லோருக்கும் டீ போட அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் உள்ளே போய்விட்டார்கள். சின்னவள் மட்டும் வாசற்படியிலேயே நின்று மூக்கைச் சுருக்கினாள்.

"சித்தி, உங்க வீட்லயும் என்னமோ வாசனை வருது."

"என்ன வாசனைடா?"

"சொல்லத் தெரியல. ஆனா வருது."

நான் ஆழமாக மூச்சை இழுத்தேன். ஒன்றும் இல்லை. இன்னொரு முறை இழுத்தேன். எப்போதும் இருக்கிற என் வீடுதான். மத்தியானம் அந்த டப்பா எனக்கு நாறியதுதான், ஆனால் இனி என் மூக்கை நம்ப நான் தயாராக இல்லை. மழைக்கு எங்கள் ஜன்னல்களும் நாலைந்து நாளாகச் சாத்தித்தான் கிடந்தன.

சமையலறையில் லைட்டரைத் தேடும் சத்தம் கேட்டது. பற்றவைக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.