இருபது லிட்டர் சாதா பெட்ரோல்

மெக்கானிக்குக்கு இடுப்பு கழன்று விழுந்துவிடும்போல் வலித்தது. காலையிலிருந்து இரண்டு கியர்பாக்ஸ் இறக்கியிருந்தான். நிமிர்ந்தபோது, போன வாரம் அவன் டியூன் செய்து அனுப்பிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஷெட்டுக்குள் வந்து நின்றது.

"மேடு ஏறினா எஞ்சினுக்குள்ள சுத்தியலால தட்டுற மாதிரி சத்தம்," என்றார் கார்க்காரர். "நேத்துதான் வண்டியை வெளிய எடுத்தேன். முனை பெட்ரோல் பங்க்ல பத்து லிட்டர் போட்டேன். உசந்த ஆக்டேன் பெட்ரோல் கேட்டா, அங்க பெட்ரோல் அடிக்கிற பொம்பளை சாதாவை ஊத்தியிருக்கா. எல்லார் முன்னாடியும் வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். பங்க் முதலாளிகிட்டயும் சொல்லிட்டேன், இன்னிக்கே அவ வேலை போயிடும்."

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. டிரையல் பார்க்க ஷெட் கேனிலிருந்து இருபது லிட்டர் சாதா பெட்ரோலை ஊற்றியவன் அவன்தான். இறக்க மறந்துபோனான். ஷெட் முதலாளியான மச்சானுக்கும் அது தெரியும். அவன் காதைக் கடித்தார்.

"கம்முனு இரு மாப்பிள்ளை. எஞ்சின் போயிருந்தா ஷெட்டை வித்தாலும் பத்தாது."

"அவ சோத்துல நான் மண்ணைப் போடவா மச்சான்?" என்றவன் திரும்பினான். "சார், சாதாவை ஊத்தினது நான்."

மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். கார்க்காரர் முகம் வெளுத்தது. "அப்போ எஞ்சின் போச்சா?"

"இப்ப வர்ற வண்டியில சென்சார் இருக்கு. தட்டுச்சுன்னா அதுவே சுதாரிச்சு பவரைக் குறைச்சுக்கும். ஆனா நீங்க வேகம் கேட்டீங்கன்னு இதுல ஸ்பார்க் அடிக்கிற டைமிங்கை ஏகத்துக்கு ஏத்தி வெச்சிருக்கேன், சென்சாரால சமாளிக்க முடியாது. விடாம மிதிச்சிருந்தா பிஸ்டன் ஓட்டை. திறந்து பாத்துட்டுத்தான் சொல்வேன். போயிருந்தா என் பொறுப்பு."

"யாரைக் கேட்டு வாக்குக் குடுக்குற?" என்று மச்சான் பல்லைக் கடித்தார். அவன் காதில் வாங்கவில்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினான். மூன்று சுத்தம். நான்காவதில் மிளகுத்தூள் தெளித்தாற்போல் கறுப்புப் புள்ளிகள், எஞ்சின் தட்டியதன் அடையாளம். பிளக் துளை வழியே சின்னக் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தான். பிஸ்டன் தலையில் குழியில்லை, விரிசலில்லை.

"தப்பிச்சுது சார். பிளக்கை மாத்தி, டாங்கைக் காலி பண்ணித் தரேன். முதல்ல பங்க்குக்குப் போன் போடுங்க."

"வேலை முடியட்டும்."

"போன் போட்டாத்தான் ஸ்பானரை எடுப்பேன்."

கார்க்காரர் முறைத்தார். பிறகு எண்களை அழுத்தினார். "அந்தம்மா மேல தப்பில்ல. வேலையை விட்டு எடுக்காதீங்க." மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

மெக்கானிக் இடுப்பைப் பிடித்துக்கொண்டு காருக்கடியில் படுத்தான். அவள் வேலை தப்பிவிட்டது. அவன் மறதிக்காக அவள் வாங்கிய வசவு வாங்கியதுதான். அதற்கு அவளிடம் அவன் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.